செவலை நம்பிய சொல்

அந்தக் காலத்தில் நாய்க்கும் பூனைக்கும் நமக்கும் ஒரே பேச்சுதான் இருந்தது. மாடும் பேசியது, ஆனால் ஒரு பேச்சைத் தொடங்கி முடிக்க அதற்கு அரை நாள் ஆகும் என்பதால் யாரும் காது கொடுக்கவில்லை. கோழி ஓயாமல் பேசியது. அதனால் அதற்கும் யாரும் காது கொடுக்கவில்லை. வீட்டோடு வீடாக இருந்து, கேட்டால் பதில் சொல்லி, கேட்காவிட்டாலும் வந்து சொல்லிக்கொண்டிருந்தவை நாயும் பூனையும்தான்.

கரிசல் காட்டில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், கேட்டால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சங்கடமாக இருக்கும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வாசல் தெளித்து முடித்ததும் வீட்டுப் பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "மேனி எப்படி?" என்று கேட்பாள். 'மேனி கேட்பது' என்றே அதற்குப் பெயர். உடனே நாயும் பூனையும் முன்னால் வந்து நின்று தங்கள் உடம்பில் உள்ளதை உள்ளபடி சொல்லும்.

"இடது காதுக்குப் பின்னாடி ஒரு உண்ணி இருக்கு. முன்னங்கால் விரலிடுக்குல நெருஞ்சி முள்ளு" என்று நாய் சொல்லும். அவள் உண்ணியைப் பிடுங்கிப் போட்டு முள்ளை எடுத்துவிடுவாள். பூனை சொல்லி முடிக்கத்தான் கொஞ்சம் நேரமாகும். "தொண்டையில முடி அடைக்குது, அருகம்புல் வேணும். நேத்து வச்ச பால்ல புகை வாடை அடிச்சுது. நீங்க மத்தியானம் உரல் இடிச்ச சத்தத்துல எனக்குத் தலைவலி" என்று அது இழுத்துக்கொண்டே போகும். அதற்கு என்ன மருந்து கொடுப்பது என்று அந்தக் காலத்திலும் யாருக்கும் தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டில் எல்லோரும் சுகமாகத்தான் இருந்தார்கள். ஒரே ஒரு கோளாறு. கேட்டாலே தெரிந்துவிடுகிறது என்பதால் அந்த ஊரில் ஒருவரும் தங்கள் நாயையோ பூனையையோ உற்றுப் பார்த்ததே இல்லை. சொன்ன இடத்தில் விரல் வைத்தார்கள், வேண்டியதைத் தடவினார்கள், அடுத்த வேலைக்குப் போனார்கள். நாயின் மூக்கு ஈரமாக இருக்கும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. நான் கூட்டிச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவை பேசியது நம் பேச்சுதான் என்றாலும் நாம் பேசுகிற மாதிரி அவை பேசவில்லை. முள் இருந்தால் முள் இருக்கிறது என்று சொல்லும். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லும். மரியாதைக்கு ஒரு சொல், ஆறுதலுக்கு ஒரு சொல் என்று அவற்றிடம் தனியாகக் கிடையாது. வாசலில் விருந்தாளியைக் கண்டதும் "இப்பதான் உங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்" என்று நாம் சொல்வோமே, அதைக் கேட்டால் பூனை எட்டிப் பார்த்து, "புண்ணாக்கப் பத்தித்தான பேசிக்கிட்டிருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போகும். கேலிக்காகச் சொல்லாது. தவறாகச் சொல்கிறார்களே என்று திருத்திவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

அந்த ஊரில் மாடத்தி என்று ஒருத்தி. புருஷன் இருளப்பன், ஒரே மகள் பூவாயி. அவர்கள் வீட்டு நாயின் பெயர் செவலை, பூனையின் பெயர் புள்ளி. செவலை கண் திறக்காத குட்டியாக அவள் மடிக்கு வந்தது. அவளை ஆத்தா என்று கூப்பிடும். புள்ளி அவளை மாடத்தி என்றுதான் கூப்பிடும். பூனைகள் யாரையும் முறை சொல்லிக் கூப்பிட்டதாக எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டும் வாசல் ஓரத்தில், விறகுக்குக் காய்ந்த பருத்திமார்க் கட்டுகள் அடுக்கிய படப்பின் அடியில், ஒன்றின் வயிற்றில் மற்றொன்று தலை வைத்துத் தூங்கும்.

அந்த வருஷம் மழை தள்ளிக்கொண்டே போனது. ஐப்பசியில் ஒருநாள் ஊற்றித் தீர்த்தது. கரிசல் மண்ணுக்கு ஒரு பதம் உண்டு. அந்தப் பதத்தில் விதை விழுந்தால் விழுந்தது, தப்பினால் அந்த வருஷம் கஞ்சிக்கு வழியில்லை. பதம் வந்த நாள் விடிந்ததும் விடியாததுமாக ஊரே காட்டில் நின்றது. யாரும் வாசல் தெளிக்கவில்லை. யாரும் மேனி கேட்கவில்லை.

இருளப்பன் ஏரைப் பிடித்து முன்னால் போக, மாடத்தி இடுப்பில் விதைக் கூடையோடு பின்னால் ஏர் கிழித்த சாலில் கம்பு விதையைப் போட்டுக்கொண்டே நடந்தாள். மிச்ச விதை கரையில் ஒரு சாக்குப் படுதாவின் மேல் குவிந்திருந்தது. செவலை அதற்குக் காவல். உடைமரப் புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு வந்தது. செவலை சத்தம் போட்டு, குறுக்கே விழுந்து, அதைப் புதருக்குள்ளேயே திருப்பி விரட்டிவிட்டது. விதையில் ஒரு மணி சிந்தவில்லை. தூரத்துச் சாலில் இருந்தவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை.

செவலை உழவுக் கட்டிகளின் மேல் ஏறி இறங்கி மாடத்தியிடம் வந்தது.

"ஆத்தா, பன்னி குத்திருச்சு. அடிவயித்துல, வலது தொடைப் பக்கம். உள்ள சுடுது."

மாடத்தி கூடையோடு குனிந்து, புறங்கையால் மயிரை விலக்கிப் பார்த்தாள். சோளம் அளவுக்கு ஒரு துளை. ரத்தம்கூடப் பெரிதாக இல்லை.

"ஏ மாடத்தி, சாலு முன்னால போகுது. விதை எங்க?" என்று இருளப்பன் திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டான். மாடுகளை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

அவள் செவலையின் தலையைத் தடவினாள். "ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல. போய் நெழல்ல படு" என்று சொல்லிவிட்டு ஏரின் பின்னால் நடந்தாள்.

இதற்காக மாடத்தியைத் திட்டுகிறவர்கள் திட்டலாம். எனக்கு வாய் வரவில்லை. நாம் வைத்திருக்கும் சொற்களில் அது நல்ல சொல். விழுந்த பிள்ளைக்கு அதைத்தான் சொல்கிறோம், பிரசவ வலியில் துடிக்கிற மகளுக்கு அதைத்தான் சொல்கிறோம். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்பதைத்தான் நம் ஊரில் ஒண்ணுமில்லை என்று சொல்கிறோம். சாயங்காலம் வந்து மஞ்சள் அரைத்துப் போடலாம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். செவலைக்குத்தான் அது தெரியாது. இல்லை என்றால் இல்லை என்று மட்டுமே அதற்குத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பி வந்த செவலையிடம் படப்பு நிழலில் புள்ளி கேட்டது: "என்னவாம்?"

"ஒண்ணுமில்லையாம்."

"நீ நொண்டுற."

"ஆமா. வலிக்குது."

"வலிச்சா ஏதோ இருக்குல்ல?"

செவலை நிழலில் சரிந்து படுத்தது. "ஆத்தா பார்த்துட்டுத்தான் சொன்னா. எனக்கு அந்த எடம் கண்ணுக்குத் தெரியல, அவ கண்ணால பார்த்தா. அவ ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்ல" என்றது.

சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பிய மாடத்திக்குக் கை கால் கழன்று விழுகிற மாதிரி அசதி. அப்படியும் மறக்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே வாசல் பக்கம் குரல் கொடுத்தாள்.

"செவலை, இப்ப எப்படிடா இருக்கு?"

"ஒண்ணுமில்ல ஆத்தா" என்று படப்பின் அடியிலிருந்து பதில் வந்தது.

மாடத்திக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. மனிதர் வாயில் அந்தச் சொல் வந்திருந்தால் அவளும் எழுந்து போய்ப் பார்த்திருப்பாள். நாய் சொல்லிவிட்டதே. நாய் என்றைக்காவது இருப்பதை இல்லை என்று சொல்லியிருக்கிறதா? அரைக்க எடுத்த மஞ்சள் கிழங்கை மாடக்குழியிலேயே திரும்ப வைத்தாள். அவள் சொல்லை அது நம்பியது. அது சொன்னதை அவள் நம்பினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அவ்வளவு நம்பியதால்தான் அந்தக் காயத்தை யாரும் பார்க்காமல் போனார்கள்.

அடுத்த நாளும் விதைப்பு, அதற்கடுத்த நாளும் விதைப்பு. செவலைக்கு ஊற்றி வைத்த கூழைக் கோழிகள் தின்றன. கும்பா காலியாக இருந்ததால் செவலை குடித்துவிட்டது என்று மாடத்தி கழுவிக் கவிழ்த்தாள். காட்டுக்குப் போகும்போது "வாரியாடா?" என்று கேட்டாள். "இன்னைக்கு வரல ஆத்தா" என்றது. சோம்பேறியாகிவிட்டான் என்று இருளப்பன் சிரித்தான். படப்பைச் சுற்றி ஒரு நடை போயிருந்தால், ஒருமுறை குனிந்திருந்தால் போதும். வயிறு ஒரு பக்கம் வீங்கி, அந்த வீக்கத்தின் மேல் ஈ மொய்த்தது தெரிந்திருக்கும்.

விதைப்பு முடிந்த அன்று மத்தியானம் பூவாயி ஓடி வந்து வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் பாவாடையை நனைத்தது. மாடத்தி அலறிக்கொண்டு ஓடி வந்து பிள்ளையை வாரி மடியில் போட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிக்கொண்டே தண்ணீர் விட்டுக் கழுவினாள். சொல்லிக்கொண்டே மஞ்சளை அரைத்து வைத்து, முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

சுவர் மேல் உட்கார்ந்திருந்த புள்ளி இதையெல்லாம் பார்த்தது. ரத்தத்தைப் பார்த்தது, ஓயாமல் வேலை செய்த கையைப் பார்த்தது, வாயிலிருந்து வந்த சொல்லையும் கேட்டது. அதற்கு உடம்பெல்லாம் மயிர் குத்திட்டு நின்றது. சுவரிலிருந்து குதித்து ஓடி, "மாடத்தி, படப்புக்கு வா. இப்பவே வா" என்று கத்தியது.

மாடத்தி போய்ப் பார்த்தபோது செவலை எழுந்திருக்கவில்லை. வாலை மட்டும் ஆட்டியது. அவள் பருத்திமாரை ஒதுக்கிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தத் தொடைப் பக்கத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். துளை மூடிவிட்டிருந்தது. உள்ளே எல்லாம் சீழ். வெந்நீர் வைத்துக் கழுவினாள், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினாள், பாலைத் துணியில் நனைத்துப் பிழிந்தாள். வீட்டில் இருந்த எல்லாவற்றையும் செய்தாள். முதல் நாளே செய்திருந்தால் அதில் பாதி போதும்.

"ஏண்டா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அழுதாள்.

"சொன்னேனே ஆத்தா" என்றது செவலை. குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அவள் மறந்துவிட்டாளே என்று நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னது. "நீதான் ஒண்ணுமில்லைன்னு சொன்ன. இந்த வலிக்குப் பேரு ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன்."

அவள் அதன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு ஏறி இறங்கியது. அது அவள் முகத்தையே பார்த்தது. பாவி மகள் வாயில் அப்போது என்ன வர வேண்டும்? யார் வாயில்தான் வேறென்ன வரும்?

"ஒண்ணுமில்லடா" என்றாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

செவலை வாலை ஆட்டியது. அவள் சொல்வதை நம்பிக்கொண்டே செத்துப்போனது.

ஊர்ப் பொதுவில் நின்ற பெரிய வேப்பமரத்தடியில் புள்ளி எல்லா நாய்களையும் பூனைகளையும் கூட்டியது. ஆடு மாடுகளும் வந்து ஓரமாக நின்றன. கிளி மட்டும் வேறெங்கோ கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்ததால் கூட்டத்துக்கு வரவில்லை. மாடத்தியை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து கடைசியில் நின்றாள்.

புள்ளி நடந்ததைச் சொன்னது. கேட்டுவிட்டு ஒரு கிழட்டு நாய், "அவங்க கெட்டவங்க இல்ல. அது ஆறுதலுக்குச் சொல்ற சொல்லு போல. நமக்குப் புரியாமப் போச்சு" என்றது.

"கெட்டவங்கன்னு நான் சொல்லல" என்றது புள்ளி. "நாம சொல்றதாலதான் அவங்க பாக்கறதில்ல. சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. சொன்னா ஒரு சொல்லக் குடுத்து அனுப்புறாங்க. அந்தச் சொல்லுல இருக்கறது என்ன, இல்லாதது என்னன்னு நமக்குத் தெரியல. இனிமே நாம வாய தெறக்க வேண்டாம். வேணும்னா அவங்களே பாக்கட்டும்."

மாடத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இனி அந்தச் சொல்ல நான் சொல்லவே மாட்டேன். என் மக மேல சத்தியம்" என்றாள்.

"உன் மக விழுந்தா?" என்று புள்ளி கேட்டது.

மாடத்தி பொய் சொல்ல நினைத்து, அந்தக் கூட்டத்தின் முன்னால் சொல்ல முடியாமல் தலை குனிந்தாள்.

"வேற எதுவும் பேச வேண்டாம்" என்று கெஞ்சினாள். "எங்க வலிக்குதுன்னு மட்டுமாவது சொல்லுங்க. இல்லைன்னா எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன செய்வேன்?"

புள்ளி அவளை வெகுநேரம் பார்த்தது. அதற்கும் அவள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவள் கொடுத்த புகை வாடை அடித்த பாலைக் குடித்து வளர்ந்த உடம்புதான் அது.

"பாத்துக்கோ" என்றது. அதன் பிறகு அது பேசவில்லை. எந்தப் பூனையும் பேசவில்லை, எந்த நாயும் பேசவில்லை.

ஊர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபம், நாலு நாளில் தீர்ந்துவிடும் என்றார்கள். காலையில் பெண்கள் வாசல் தெளித்து "மேனி எப்படி?" என்று கேட்டார்கள். நாய்கள் வந்து முன்னால் நின்றன, முகத்தைப் பார்த்தன, வாலை ஆட்டின. பூனைகள் வந்து நிற்கவும் இல்லை. கொஞ்ச நாளில் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

மாடத்தி மட்டும் விடவில்லை. செவலையின் தங்கை போட்ட குட்டி ஒன்றை எடுத்து வந்திருந்தாள். தினமும் அதன் எதிரே புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மூக்கு ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா. ஈறு சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா. காதை ஏன் ஒரு பக்கம் சாய்த்துப் பிடிக்கிறது. நேற்று குடித்த தண்ணீர் எவ்வளவு, இன்று எவ்வளவு. கூழைக் குடித்தது இதுவா கோழியா. விரலிடுக்கு, கண்ணோரம், அடிவயிறு என்று கையை மெதுவாக ஓட்டினாள். எந்த இடத்தில் கை பட்டதும் அது திரும்பிப் பார்க்கிறது என்று கவனித்தாள். புள்ளி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்த நாளில் தானும் வயிறு தரையில் பட ஊர்ந்து போய், அது ஏன் ஒளிந்தது என்று தேடினாள். பெரும்பாலும் தாமதமாகத்தான் கண்டுபிடித்தாள். சில நாள் சரியாகக் கண்டுபிடித்தாள்.

ஒருநாள் குட்டியின் நெஞ்சில் விரலால் கோலம் போட்டுக்கொண்டே பூவாயி கேட்டாள்.

"அம்மா, நம்ம செவலைக்கும் இங்க இந்த மாதிரி வெள்ளை இருந்துச்சா?"

மாடத்தி நினைத்துப் பார்த்தாள். மடியில் வளர்த்த நாய். ஆயிரம் காலை எதிரில் வந்து நின்று மேனி சொன்ன நாய். அதன் குரல் அப்படியே காதில் இருந்தது. நெஞ்சு எப்படி இருந்தது என்று மட்டும் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. பார்த்திருந்தால் அல்லவா வரும்?

"தெரியலம்மா" என்றாள்.

அன்று முதல்தான் நாயும் பூனையும் தங்கள் நோவை வாய்விட்டுச் சொல்வதில்லை. வலியிலும் நாய் வாலை ஆட்டுகிறது; மனம் ஆறாத பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஒன்றை வளர்த்து ஆளாக்குவதற்கு 'பார்த்துக்கொள்வது' என்று நாம் பெயர் வைத்ததும் அன்று முதல்தான். இன்றைக்கும் ஆஸ்பத்திரி மேஜையில் தூக்கி நிறுத்தியதும் டாக்டர் "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்கிறார். நாய் ஒன்றும் சொல்லாமல் நம் முகத்தைப் பார்க்கிறது. நாம்தான் சொல்ல வேண்டும், பார்த்திருந்தால்.